கொள்குறி வினாத்தாள்: எழுதுவது பாதி, அலசுவது மீதி

கொள்குறி வினா, அதாவது தரப்பட்ட தெரிவுகளில் ஒன்றைக் குறிக்கச் சொல்லும் வினா எழுத உட்காரும் பலரும் முதலில் சரியான விடையை எழுதிவிடுவார்கள். பிறகு மிச்சமுள்ள மூன்று இடங்களை நிரப்ப ஏதாவது கிடைக்குமா என்று தேடுவார்கள். வினாத்தாள் சொதப்புவது பெரும்பாலும் அந்த மூன்று இடங்களில்தான்.

ஒரு வினாவைப் பார்ப்போம். ‘பெரிய எண் எது? அ) 0.4 ஆ) 0.35 இ) 0.125’. தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண் போலப் படிக்கும் மாணவர், 4, 35, 125 என்று ஒப்பிட்டு 0.125-ஐத் தேர்ந்தெடுப்பார். அவர் மாட்டிக்கொண்டார். ஆனால் ‘இலக்கம் கூடக் கூட எண் சிறிதாகும்’ என்று தவறாக நினைக்கும் இன்னொருவர் 0.4-ஐத் தொட்டு முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். இப்போது 0.4-ஐ 0.3 ஆக்குங்கள். சரியான விடை 0.35 ஆகிறது, முதலாமவர் 0.125-க்குப் போவார், இரண்டாமவர் 0.3-க்குப் போவார். இடமதிப்பு தெரிந்தவருக்கே மதிப்பெண். மூன்று தெரிவுகளே போதும். எண்ணிக்கைக்காக 0.2 என்று நான்காவதைச் சேர்த்தால் அதைத் தொடுபவர் அபூர்வம். படிக்கும் நேரம்தான் வீண்.

இப்படிப்பட்ட தவறுகளைக் கற்பனையில் தேட வேண்டாம். அதே வினாவை முதலில் தெரிவுகள் இல்லாமல் குறுவிடையாகக் கேளுங்கள். விடைத்தாள்களில் அடிக்கடி வரும் இரண்டு மூன்று தவறுகளை அப்படியே தெரிவுகளாக்குங்கள்.

வினா வாக்கியத்தில் தமிழுக்கே உரிய சில வழுக்கல்கள் உண்டு. ‘பொருந்தாதது எது?’ என்பதில் எதிர்மறை ஓர் இடைநிலைக்குள் ஒளிந்திருக்கிறது. அவசரத்தில் ‘பொருந்துவது’ என்றே கண்ணில் படும். தவிர்க்க முடியாவிட்டால் அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். ‘டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தை 1953-இல் முன்வைத்தவர்கள்’ என்று எழுதி, தெரிவுகளில் ஒன்றில் மட்டும் இரண்டு பெயர் இருந்தால், ‘கள்’ விகுதியே விடையைச் சொல்லிவிடும். கோடிட்ட இடத்தை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்தால், எதைக் கேட்கிறார்கள் என்று தெரியும் முன்பே மாணவர் வெற்றிடத்தைப் படிக்கிறார். முழுக் கேள்வியாகக் கேட்பது நல்லது.

‘மேற்கண்ட அனைத்தும்’ வேண்டாம். இரண்டு தெரிவுகள் சரி என்று தெரிந்தாலே மூன்றாவதைப் படிக்காமல் விடை கிடைத்துவிடும். சரியான விடை மட்டும் நீளமாகவும் நுணுக்கமாகவும் இருப்பது இன்னொரு பழைய காட்டிக்கொடுப்பு. எண் விடைகளை ஏறுவரிசையில் வையுங்கள். மற்றவற்றின் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். நாமாக வைத்தால் சரியான விடை நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து, எத்தனை வினா? நான்கு தெரிவுகள் கொண்ட 10 வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், 100 பேரில் சுமார் 8 பேர் ஐந்தோ அதற்கு மேலோ எடுத்துவிடுவார்கள். வினாக்கள் 40 என்றால், குருட்டாம்போக்கில் பாதி எடுப்பவர் ஆயிரத்தில் ஒருவர்கூடத் தேறமாட்டார். நெகட்டிவ் மார்க் இந்தச் சிக்கலை அரைகுறையாகத்தான் தீர்க்கிறது. நான்கு தெரிவுகளுக்கு, ஒவ்வொரு தவறுக்கும் மூன்றில் ஒரு பங்கு கழித்தால் முழு ஊகத்தின் சராசரிப் பலன் பூஜ்யமாகும். ஆனால் ஒரு தெரிவை விலக்கத் தெரிந்த மாணவருக்கு அப்போதும் ஊகிப்பதே லாபம். துணிச்சல்காரர் குறிப்பார், பயந்தவர் விட்டுவிடுவார். மதிப்பெண்ணில் குணமும் கலந்துவிடும். தண்டனையைக் கூட்டுவதைவிட வினாக்களைக் கூட்டுவதே மேல்.

தேர்வு முடிந்ததும் பலர் விடைத்தாளைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். முக்கியமான வேலை அங்கேதான் தொடங்குகிறது. 100 பேர் எழுதியிருந்தால் மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே 27 பேரையும் கீழே 27 பேரையும் பிரியுங்கள். ஒரு வினாவுக்கு மேலே 22 பேரும் கீழே 8 பேரும் சரியாக எழுதியிருந்தால், வித்தியாசமான 14-ஐ 27-ஆல் வகுக்க 0.52. இதுதான் வேறுபடுத்தும் திறன். 0.40-க்கு மேல் நல்ல வினா, 0.20-க்குக் கீழே திருத்த வேண்டியது. எதிர்மறையாக வந்தால் முதலில் ஆன்சர் கீயைச் சந்தேகியுங்கள், அடுத்து இரண்டு விடைகள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மாணவர்களைச் சந்தேகிப்பது கடைசி. கடினக் குறியீடு என்பது சரியாக எழுதியவர்களின் விகிதம். எளிதான வினாவுக்கே எண் கூடும், பெயர்தான் தலைகீழ். தவறான தெரிவுகளையும் எண்ணுங்கள்: 100-இல் 5 பேர்கூடத் தொடாத தெரிவு வெறும் அலங்காரம்.

மொத்தத் தாளின் மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் நம்பகத்தன்மைக்கு கூடர், ரிச்சர்ட்சன் 1937-இல் தந்த கே.ஆர்-20 சூத்திரம் போதும். எக்செல் தாளில் ஆளுக்கு ஒரு வரிசை, வினாவுக்கு ஒரு பத்தி, சரி 1, தவறு 0. ஒவ்வொரு வினாவுக்கும் சரியாக எழுதியோர் விகிதத்தையும் தவறாக எழுதியோர் விகிதத்தையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். 40 வினாக்களுக்கு அது 7.6 என்றும், மொத்த மதிப்பெண்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 6 என்றும் கொள்வோம். 7.6-ஐத் திட்ட விலக்கத்தின் வர்க்கமான 36-ஆல் வகுத்து, 1-லிருந்து கழித்து, 40/39-ஆல் (வினா எண்ணிக்கையை அதில் ஒன்று குறைத்து வகுத்தது) பெருக்கினால் நம்பகத்தன்மை 0.81. வகுப்புத் தேர்வுக்கு 0.70 போதும், ஒருவரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் தேர்வுக்கு 0.90 வேண்டும்.

0.81 என்றாலும் ஒருவரின் மதிப்பெண்ணில் இருக்கக்கூடிய பிழை சிறிதல்ல. 1-லிருந்து 0.81 போக 0.19, அதன் வர்க்கமூலத்தைத் திட்ட விலக்கத்தால் பெருக்கினால் 2.6 மதிப்பெண். ஆக, 24 எடுத்தவர் 22 எடுத்தவரைவிடக் கெட்டிக்காரர் என்று இந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. தேர்ச்சிக்கோட்டை ஒட்டி நிற்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு தர இதுவே காரணம்.

நம்பகத்தன்மை குறைவாக வந்தால், அதே தரத்தில் வினாக்களைக் கூட்டுங்கள். 20 வினாவில் 0.60 என்றால் 40-இல் 0.75, 60-இல் 0.82 கிடைக்கும். மட்டமான வினாக்களைக் கூட்டினால் இந்தக் கணக்கு பலிக்காது. இருபது பேர் மட்டும் எழுதிய தேர்வில் இந்த எண்கள் எல்லாமே ஆட்டம் காணும். ஒரே தடவையில் எந்த வினாவையும் தூக்கி எறியாமல், வினாவின் கீழே தேதியையும் கடினக் குறியீட்டையும் வேறுபடுத்தும் திறனையும் குறித்துவையுங்கள், அடுத்த வகுப்பின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.