ஆஸ்பத்திரிக் கழிவை எப்படிப் பிரிப்பது, கட்டுவது, அனுப்புவது: வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஊசி போடுவதையும் டிரிப் ஏற்றுவதையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க யாராவது இருப்பார்கள். ஆனால் போட்டு முடித்த ஊசி எங்கே போக வேண்டும், ரத்தம் ஊறிய பஞ்சு எதில் விழ வேண்டும் என்பதெல்லாம் "அந்தப் பெட்டியில போட்டுடுங்க" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரியைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நர்ஸ், லேப் டெக்னீஷியன், பயிற்சி மருத்துவர், தூய்மைப் பணியாளர் என்று யார் படித்தாலும் நாளைக்கே செய்து பார்க்கலாம்.

முதலில் ஒரு கணக்கு. மருத்துவமனையில் சேரும் கழிவில் சுமார் 85 சதவீதம் காகிதம், அட்டைப்பெட்டி, சாப்பாட்டு மிச்சம் போன்ற சாதாரணக் குப்பைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதி 15 சதவீதம்தான் தொற்று, ரசாயனம், கதிரியக்கம் என ஏதாவது ஒரு வகையில் ஆபத்தானது. ஆனால் அந்தப் பதினைந்தில் ஒரு கைப்பிடியைச் சாதாரணக் குப்பையில் கலந்துவிட்டால், அதற்கப்புறம் அந்தப் பை முழுவதையுமே ஆபத்தானதாகத்தான் நடத்த வேண்டும், ஏனென்றால் கலந்ததைக் கையை உள்ளே விட்டுப் பிரிக்க யாரையும் அனுப்பக் கூடாது. அதனால் பிரிக்கிற வேலை, பொருள் உங்கள் கையில் இருக்கிற அந்தச் சில நொடிகளில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே நடந்தாக வேண்டும்.

படி 1: உங்கள் இடத்து வண்ண அட்டவணையை மனப்பாடம் செய்யுங்கள்

எந்தக் கழிவுக்கு எந்த நிறம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். முன்பு வேலை பார்த்த இடத்து நிறத்தை நம்பிப் போடாதீர்கள், சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் கேட்டு வாங்கி ஒட்டுங்கள். நிறம் எதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பிரிவுகள் ஏறக்குறைய ஒன்றுதான்: ரத்தமும் சீழும் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, அறுவையில் எடுத்த திசு, நஞ்சுக்கொடி, குத்துகிற, வெட்டுகிற பொருட்கள், காலாவதியான மருந்துகள், ரசாயனங்கள், கதிரியக்கப் பொருட்கள், அப்புறம் சாதாரணக் குப்பை.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? அதிக ஆபத்துள்ள பிரிவில் போட்டுவிடுங்கள். ஆனால் எதைப் பார்த்தாலும் சந்தேகம் வந்தால் பயிற்சி போதவில்லை என்று அர்த்தம். கையுறையின் காகித உறையும் சிரிஞ்ச் வந்த கவரும் தொற்றுப் பையில் நிரம்பி வழிவதை எத்தனையோ வார்டுகளில் பார்க்கலாம். அவற்றையெல்லாம் தேவையே இல்லாமல் எரிக்கவோ ஆவியில் வேகவைக்கவோ வேண்டியிருக்கிறது.

படி 2: ஊசியும் பிளேடும் (இதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்)

ஊசி, ஸ்கால்பெல் பிளேடு, லேன்செட் (ரத்தச் சோதனைக்கு விரலில் குத்தும் சிறு முனை), உடைத்த ஆம்ப்யூல் (மருந்து வரும் சிறு கண்ணாடிக் குப்பி), உடைந்த ஸ்லைடு எல்லாம் துளைக்க முடியாத, மூடியுள்ள ஷார்ப்ஸ் பெட்டியில் போக வேண்டும். பெட்டி கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டின் அந்தக் கோடிவரை நடக்க வேண்டியிருந்தால், பெட்டியை வைத்த இடம் தப்பு. அதை மாற்றச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள்.

போட்ட ஊசிக்கு மூடி போடாதீர்கள். இரண்டு கையாலும் மூடும்போதுதான் மூடியைத் தாண்டி விரலில் குத்துகிறது. வேறு வழியே இல்லாத நேரத்தில், மூடியை மேசையில் கிடத்தி, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்துத் தூக்குங்கள், இன்னொரு கை முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஊசியை வளைக்கவும் வேண்டாம், சிரிஞ்சிலிருந்து கையால் கழற்றவும் வேண்டாம்.

பெட்டி முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிப் பூட்டிவிட்டுப் புதியது வையுங்கள். "இன்னும் ரெண்டு போடலாம்" என்று அழுத்தித் திணிக்கும்போது அடுத்து வருகிறவர் கையில்தான் அது ஏறும். ஊசி தவறிப்போய்ச் சாதாரணக் குப்பைப் பையில் விழுந்தாலும் அதே கதைதான். குத்து வாங்குவது அதைப் போட்டவர் இல்லை, அந்தப் பையைத் தூக்குகிறவர். யாருடைய ஊசி, எந்த நோயாளிக்குப் போட்டது என்று அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு பதறுகிறது, அதனால்தான் இந்தப் படியை இவ்வளவு நீட்டுகிறேன்.

படி 3: குத்திவிட்டால்

உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், பிளீச் ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்திருந்தால் சுத்தமான தண்ணீரால் நன்றாக அலசுங்கள். அப்புறம் அந்த ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் பொறுப்பாளரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

ஏன் அவசரம் என்றால், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது, தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வருகிற வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி அப்படியில்லை. தடுப்பூசி போடாதவருக்கு அது 30 சதவீதம் வரைக்கும் போகலாம். அந்தக் கிருமி காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் உயிரோடு இருக்கும். பயந்துபோய், அல்லது திட்டுவார்கள் என்று நினைத்து, சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சொல்ல வந்தவரைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

படி 4: பையைக் கட்டுதல், தூக்குதல், வைத்தல்

பையும் முக்கால் பங்குதான். கழுத்தை முறுக்கி, மடக்கி, இறுக்கக் கட்டி, எந்த வார்டு, எந்தத் தேதி என்று லேபிள் ஒட்டுங்கள். தூக்கும்போது கட்டின கழுத்தை மட்டும் பிடியுங்கள். அடியில் கை கொடுப்பதும் உடம்போடு அணைத்துக்கொள்வதும் வேண்டவே வேண்டாம், உள்ளே ஊசி இருக்காது என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. சாப்பாடும் துவைத்த துணியும் போகிற டிராலியில் கழிவை ஏற்றக் கூடாது. முடிந்தால் வழியும் நேரமும்கூட வேறாக இருக்கட்டும்.

தூக்குகிறவருக்குக் கனமான ரப்பர் கையுறை, மூடிய பூட்ஸ், ஏப்ரன், மாஸ்க் வேண்டும். நோயாளியைப் பரிசோதிக்கப் போடுகிற மெல்லிய கையுறை இதற்குப் போதாது.

பைகளைச் சேர்த்து வைக்கிற அறை பூட்டு, தண்ணீர் வசதி, கழுவக்கூடிய தரை உள்ளதாக, நாய், பூனை, எலி நுழையாததாக இருக்க வேண்டும். குளிர்பதன வசதி இல்லையென்றால், வெப்பப் பிரதேசங்களில் வெயில் காலத்தில் 24 மணி நேரம், குளிர்ந்த பருவத்தில் 48 மணி நேரம், அதற்குமேல் தொற்றுக் கழிவை வைத்திருக்கக் கூடாது.

படி 5: ரத்தம் சிந்தினால்

கையுறை போடுங்கள். முதலில் பேப்பர் டவல் போட்டு ரத்தத்தை உறிஞ்சி எடுத்துத் தொற்றுப் பையில் போடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரால் துடைத்து, 0.5 சதவீத குளோரின் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி துடையுங்கள். பலர் நேராகக் கரைசலை ஊற்றி உடனே துடைத்துவிடுகிறார்கள். ரத்தமும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும், கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது, நேரமும் கொடுக்கவில்லை.

கரைசல் செய்வது எளிது. பாட்டிலில் இருக்கிற சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து ஒன்றைக் கழித்தால், ஒரு பங்கு பிளீச்சுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று வந்துவிடும். 5 சதவீத பிளீச் என்றால் 5 ÷ 0.5 = 10, அதில் ஒன்று போக 9 பங்கு தண்ணீர். 35 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 14 கிராம். தினமும் புதிதாகக் கலக்குங்கள், பாட்டிலில் தேதி எழுதுங்கள்.

பிளீச்சோடு ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் வரும், இரண்டும் நுரையீரலைப் பதம் பார்க்கும். சிறுநீரிலும் அம்மோனியா உண்டு, அது சிந்திய இடத்திலும் பிளீச்சை நேரடியாக ஊற்றாமல் துடைத்துவிட்டு ஊற்றச் சொல்வது இதனால்தான்.

படி 6: ரசாயனங்கள்

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று வரும், மொத்தம் 16 பிரிவு. எல்லாம் மனப்பாடம் வேண்டாம். 4 முதலுதவி, 6 சிந்தினால் செய்ய வேண்டியது, 7 வைக்கும் முறை, 8 பாதுகாப்பு உடை, 13 அப்புறப்படுத்துதல். இந்த ஐந்தும் எங்கே என்று தெரிந்தால் அவசரத்துக்குப் போதும். தாள் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்காமல் அந்த ரசாயனம் இருக்கிற அறையில் தொங்கட்டும்.

திசு மாதிரிகளைப் போட்டுவைக்கும் ஃபார்மலினில் இருப்பது ஃபார்மால்டிஹைடு, அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானது. காற்றோட்டம் இல்லாத அறையில் ஊற்றாதீர்கள், சிங்க்கில் கொட்டாதீர்கள்.

பாதரசம் உள்ள தெர்மாமீட்டர், பிரஷர் கருவிகளின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020-க்குள் நிறுத்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா ஒப்பந்தம் சொன்னது. ஆனாலும் பழையவை அலமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. உடைந்தால் துடைப்பமும் வாக்யூம் கிளீனரும் தொடவே கூடாது, ஒன்று உருண்டையைச் சிதறடிக்கும், இன்னொன்று ஆவியை அறை முழுக்கப் பரப்பும். ஆட்களை வெளியேற்றி, ஜன்னலைத் திறந்து, இரண்டு அட்டைத் துண்டுகளால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, மூடி இறுகும் பாட்டிலில் போட்டு லேபிள் ஒட்டுங்கள். தொற்றுப் பையில் போட்டுவிட்டால் அது எரியுலைக்குப் போய் ஆவியாகக் காற்றில் கலக்கும்.

படி 7: புற்றுநோய் மருந்தும் கதிரியக்கமும்

இரண்டையும் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டும், நீங்கள் அடையாளம் தெரிந்து விலகினால் போதும். புற்றுநோய் மருந்து ஏற்றிய டிரிப் செட்டும் கையுறையும் தனிப் பெட்டிக்குப் போகும், அழுத்த ஆவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குப் போகவே கூடாது. கதிரியக்கக் கழிவு அதன் வீரியம் தானாகக் குறையும்வரை, வழக்கமாகப் பத்து அரைவாழ்வுக் காலம் (அரைவாழ்வு என்றால் வீரியம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்), ஈயக் கவசத்துக்குள் இருக்கும். டெக்னீஷியம்-99எம்முக்கு அரைவாழ்வு 6 மணி நேரம், அதனால் இரண்டரை நாள். அயோடின்-131க்கு 8 நாள், அதனால் 80 நாள்.

சிகிச்சைக் கருவிகளில் இருக்கும் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் இப்படிக் காத்திருந்து தீர்வதில்லை. 1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சை மையத்திலிருந்து ஒரு கதிர்வீச்சுக் கருவியைப் பழைய இரும்பு என்று எடுத்துப்போய் உடைத்தார்கள். உள்ளே நீலமாக ஒளிர்ந்த பொடி கை மாறிக் கை மாறி வீடுகளுக்குப் போனது. 249 பேர் மீது சீசியம்-137 படிந்திருந்தது, நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஆறு வயதுச் சிறுமியும் ஒருத்தி.

படி 8: கடைசியில் எங்கே போகிறது

தொற்றுக் கழிவை 121 டிகிரியில் அழுத்த ஆவியில் வைத்துக் கிருமி நீக்கலாம். உண்மையிலேயே கிருமி செத்ததா என்று பார்க்க, வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியாவின் வித்துகள் உள்ள சோதனைக் குப்பியை உள்ளே வைத்து எடுப்பார்கள். திசுக்களும் மருந்துகளும் பெரும்பாலும் எரியுலைக்குப் போகும், முதல் அறை 850 டிகிரி, இரண்டாவது 1100 டிகிரி. இந்தச் சூடு இல்லாமல் திறந்தவெளியில் கொளுத்தினால், முக்கியமாக பி.வி.சி. பிளாஸ்டிக்கோ பிளீச் ஊற்றிய கழிவோ அதில் இருந்தால், டையாக்சின் என்ற நஞ்சு புகையில் வரும். எரிக்கப் போகிற பையில் "எதற்கும் இருக்கட்டும்" என்று பிளீச் தெளிக்காதீர்கள்.

படி 9: தடுப்பூசிப் பட்டியல்

கழிவைத் தொடுகிற எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை போட்டிருக்க வேண்டும், வழக்கமாக 0, 1, 6 மாதங்களில். கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யலாம். டெட்டனஸ் ஊசியும் உண்டு. உங்கள் வார்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் மருத்துவர், நர்ஸ் பெயர்கள் முழுதாக இருக்கும், ஒப்பந்தத்தில் வந்து பை தூக்குகிறவர்கள் பெயர் பல இடங்களில் இருக்காது. அவர்களிடம் போய்க் கேட்டு, பெயரைச் சேர்த்து, முதல் தவணைக்குத் தேதி வாங்கிக் கொடுங்கள்.