கப்பலில் திருகோணமலைக்கு வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை 8 மணிக்கு வருகை, மாலை 5 மணிக்குப் புறப்பாடு என்று பயணத் திட்டத்தில் போட்டிருந்தால், ஊர் பார்க்க 9 மணி நேரம் இருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். உள்ளபடி கிடைப்பது 6 மணி நேரம். கப்பலைக் கட்டி முடித்து, குடிவரவும் சுங்கமும் சரி சொல்லி, அத்தனை பேரும் ஒரே படியால் இறங்க ஒரு மணி நேரம் போய்விடும். புறப்படுவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்பே எல்லோரும் மேலே ஏறியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு மணி நேரத்தையாவது வழித்தடங்கலுக்கென்று ஒதுக்க வேண்டும். திருகோணமலையில் நாள் வீணாகிப் போனவர்களில் அநேகர் இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கியவர்கள்தான். ஊர் சிறியது, பார்க்க வேண்டியவை ஒன்றுக்கொன்று தூரமும் இல்லை. எதை முதலில் பார்ப்பது என்ற ஒழுங்கு மட்டும் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்ப்ரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைகளைத் தொட்டதிலிருந்து, தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் எங்கள் ஊர் ஒரு நாள் நிறுத்தமாகிவிட்டது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கும் எங்கள் ஆட்களும் சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் பெரிய கப்பல்களில் வருகிறார்கள். கீழே உள்ளவை இரு சாராருக்கும் பொருந்தும்.

துறையிலிருந்து ஊருக்கு நடந்து போகலாம் என்று நினைப்பது

திருகோணமலைத் துறைமுகம் உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. பெரியது என்றால் கரைக்குக் கரை தூரமும் அதிகம். சீனன்குடாப் பக்கம் கப்பல் நின்றால் நகரத்துக் கட்டடங்கள் எதிரே தெரியும். ஆனால் சாலை குடாவைச் சுற்றிக்கொண்டு வரும், 10 கிலோமீற்றருக்குக் கிட்ட. துறைமுக வளவுக்குள் நடமாடவும் விடமாட்டார்கள், வாசல் வரை கப்பல் நிறுவனத்தின் பஸ்தான்.

ஆகவே பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள். கப்பல் துறையில் கட்டுமா, நடுவில் நங்கூரம் போட்டுச் சிறு படகில் இறக்குமா? வாசலிலிருந்து நகரத்துக்கு பஸ் உண்டா, அது கட்டணத்தில் சேர்த்தியா? சிறு படகு என்றால் டோக்கன் முறை இருக்கும். காலைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு டோக்கன் எடுக்கப் போகிறவர் பத்தாவது படகில் இறங்குவார். டோக்கனை எடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். திரும்பும்போதும் கடைசிப் படகுக்குத்தான் நீண்ட வரிசை நிற்கும். அதற்கு முந்தியதைக் குறிவையுங்கள்.

கோயிலை மத்தியானத்துக்கு வைப்பது

இதுதான் அதிகம் பேர் செய்யும் பிழை. முதலில் கடற்கரை, பிறகு சாப்பாடு, பிறகு கோணேசர் என்ற எங்கள் சிவன் கோயில் என்று திட்டம் போடுகிறார்கள். மத்தியானப் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் மறுபடி திறக்கும். மாலையில் நீங்கள் கப்பலில் இருக்க வேண்டும். பாடல் பெற்ற தலம் வரை வந்து மூடிய கதவைக் கும்பிட்டுவிட்டுப் போவது எவ்வளவு மனவருத்தம். இறங்கியதும் நேராகக் கோயிலுக்குப் போங்கள்.

கோயில் பிரெட்ரிக் கோட்டைக்குள், சுவாமி மலையின் உச்சியில் இருக்கிறது. கோட்டைக்குள் இராணுவமும் இருப்பதால் வாசலில் பைகளைப் பார்ப்பார்கள். வாசலிலிருந்து மேலே ஏறக்குறைய 1 கிலோமீற்றர் ஏற்றம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால், வாகனம் எதுவரை போகலாம் என்று ஓட்டோக்காரரிடம் முதலே கேட்டு வாடகை பேசிக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றி வைத்த இடத்திலிருந்து வெறுங்காலோடு நடக்க வேண்டும். 10 மணி தாண்டினால் கல்தரை காலைச் சுடும். பையில் ஒரு சோடி காலுறை வைத்திருந்தால் பிள்ளைகள் அழமாட்டார்கள். அரைக் காற்சட்டையும் கையில்லாச் சட்டையும் கப்பலுக்குச் சரி, இங்கே சரிவராது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றும் வழக்கமும் உண்டு. ஒரு வேட்டியும் சால்வையும் மடித்துக் கொண்டு வந்தால் போதும்.

பெரிய சிவன் சிலைக்கு முன் படமெடுத்து, பாறைப் பிளவான இராவணன் வெட்டை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்துவிட்டார்கள். அக்காலத்தில் மண்ணுக்குள் புதைக்கப்பட்டிருந்த திருமேனிகள் 1950இல் வெளிப்பட்டன. இப்போதுள்ள கோயில் எழும்பியது அதற்குப் பிறகுதான். உள்ளே போய் நின்று அந்தத் திருமேனிகளைக் கும்பிடப் பத்து நிமிடம் செலவாகட்டும்.

கோட்டைக்குள் புள்ளிமான்கள் மனிதரோடு மனிதராக உலாவும். பிஸ்கட், பொலித்தீன் பை எதையும் நீட்டாதீர்கள். பொலித்தீனைத் தின்ற மான் வயிறு அடைத்துச் சாகும். ட்ரோன் கொண்டு வரவே வேண்டாம். கோட்டை இராணுவத்துடையது, துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது. அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் அன்றைய பொழுது பொலிஸ் நிலையத்தில் கழியும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அடக்குவது

கோணேசர், கன்னியா வெந்நீரூற்று, பத்திரகாளி அம்பாள் கோயில், கடைத்தெரு, ஒரு நல்ல மீன் சாப்பாடு: இவ்வளவும் 6 மணி நேரத்துக்குள் நிதானமாக முடியும். கன்னியா நகரத்திலிருந்து 8 கிலோமீற்றர் அளவு, அனுராதபுரம் வீதியில். 7 சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். கிணற்றுக்குள் இறங்கக் கூடாது, வெளியே நின்று வாளியால் மொண்டு ஊற்ற வேண்டும். முதலில் கையை விட்டுப் பார்த்து, சூடு குறைந்ததில் தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றாமல் காலில் தொடங்கி மேலே வாருங்கள். இரத்த அழுத்தமோ இருதய வருத்தமோ உள்ளவர்கள் உச்சி வெயிலில் நெடுநேரம் குளிப்பதைத் தவிர்ப்பது நல்லது. சவர்க்காரம் வேண்டாம். துவாய், மாற்றுடுப்பு, ஈர உடுப்புக்கு ஒரு பை மறக்க வேண்டாம்.

புறாத்தீவு வேறு கணக்கு. அந்தப் பவளப்பாறைத் தீவுக்குப் படகு பிடிக்கும் நிலாவெளி, நகரத்திலிருந்து 15 கிலோமீற்றர் வடக்கே. சீனன்குடாவிலிருந்து புறப்பட்டால் 25. போக முக்கால் மணிக்கு மேல், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டுக்கும் படகுக்கும் அரை மணி, தண்ணீரில் 2 மணி, திரும்ப அதே நேரம். எல்லாம் கூட்டினால் 4 மணி நேரத்துக்கு மேல். ஆகவே புறாத்தீவா கோயிலா என்று கப்பலிலேயே முடிவெடுங்கள். நாங்கள் சொல்வது: முதல் தடவை வருகிறவர் கோயிலுக்குப் போகட்டும், பவளப்பாறை பார்க்கவென்றே வருகிறவர் தீவோடு நிற்கட்டும். தீவின் கரை முழுக்க உடைந்த பவளத் துண்டு, வெறுங்காலைக் கிழித்துவிடும். தண்ணீருக்குள் போடக்கூடிய செருப்பு அவசியம். குடிதண்ணீரை நீங்கள்தான் கொண்டு போக வேண்டும், வெறும் போத்தலையும் நீங்கள்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். செத்த துண்டானாலும் எடுத்து வருவது சட்டப்படி குற்றம். 2003 முதல் அது தேசியப் பூங்கா.

சிகிரியா மலைக்கோட்டை 100 கிலோமீற்றர் அளவு தூரம். போகவர 4 மணி நேரத்துக்கு மேல், மலை ஏறி இறங்க இன்னும் 2, 3 மணி. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா என்றால், அந்த பஸ் பிந்தினால் கப்பல் காத்து நிற்கும். நீங்களாக வான் பிடித்துப் போனால் காத்து நிற்காது. அந்த வழியில் யானை குறுக்கே நின்றாலே அரை மணி போய்விடும்.

"ரூபாய்" என்று மட்டும் பேசி வாடகை முடிப்பது

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இது முக்கியம். இரு நாட்டிலும் ரூபாய், ஓர் இந்திய ரூபாய்க்கு 3 இலங்கை ரூபாய்க்கு மேல் வரும். "சுற்றிக் காட்ட ஐயாயிரம்" என்று ஓட்டோக்காரர் சொன்னால் அவர் சொல்வது இலங்கைக் காசு. நீங்கள் இந்தியக் காசென்று நினைத்துத் தலையாட்டினால், கடைசியில் இரு பக்கமும் முகம் கோணும். எந்த ரூபாய், எத்தனை பேருக்கு, எந்தெந்த இடம், காத்து நிற்பதும் சேர்த்தா என்று நான்கையும் ஏறுமுன் பேசுங்கள். முழு வாடகையை முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். காசு மாற்ற நகரத்து வங்கிக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையும் போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளும் வங்கி பூட்டியிருக்கும், அந்த நாட்களில் ஏரிஎம் அட்டைதான் துணை. போயாவன்று மதுவும் விற்கமாட்டார்கள். நீண்ட விடுமுறையோடு சேர்ந்த போயா என்றால் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வரும். கோட்டை வாசலிலும் நிலாவெளிப் படகுத்துறையிலும் இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள்.

கடவுச்சீட்டைப் பெரும்பாலும் கப்பல் அலுவலகம் வாங்கி வைத்துக்கொள்ளும். அது கையில் இல்லாமல் உள்ளூர் சிம் வாங்க முடியாது. வழிப்படத்தை முதல் நாளே தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் நகல் ஒன்றையும் கப்பல் அட்டையையும் வேறு வேறு பையில் வையுங்கள். நடுக்கடலில் தொலைபேசி கப்பலின் சொந்த வலையமைப்பில் தானாக ஒட்டிக்கொள்ளும், அதன் கட்டணம் மிக அதிகம். கரை மறைந்ததும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள்.

உறவுக்காரரைத் துறைமுக வாசலுக்கு வரச் சொல்வது

மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் சித்தி, மாமா, பிள்ளைகள் எல்லோரும் வான் பிடித்து வாசலில் வந்து நிற்பார்கள். உள்ளே விடமாட்டார்கள். அந்த வீதியில் பாரவூர்திகள் போய்வருவதால் வாகனத்தை நிறுத்தவும் விடமாட்டார்கள். நீங்கள் எந்த பஸ்ஸில் வெளியே வருவீர்கள் என்றும் அவர்களுக்குத் தெரியாது. ஆளையாள் தேடியே ஒரு மணி நேரம் போகும். பத்திரகாளி அம்பாள் கோயிலடியை இடமாகச் சொல்லுங்கள், ஊரில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். நேரத்தையும் "10 மணிக்கு" என்று சொல்லாமல் "10க்கும் 11க்கும் இடையில்" என்று சொல்லுங்கள். வீட்டில் சமைத்து வைத்திருந்தால் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதுதான் நல்லது. கட்டித் தரும் சாப்பாட்டையும் கருவாட்டையும் ஏற்றப் பல கப்பல்களில் விடுவதில்லை.

சென்னையில் ஏறுகிறவர்களுக்கும் வாகனச் சங்கடம் உண்டு. துறைமுகத்துக்குள் சொந்தக் காரை நாட்கணக்கில் விடலாம் என்று நம்பிப் போகாதீர்கள். துறைமுகம் ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. ரயிலிலோ வாடகைக் காரிலோ வந்து இறங்குவது எளிது. எந்த எண் வாசல் என்று பயணச்சீட்டில் பார்த்து ஓட்டுநரிடம் சொல்லுங்கள், வாசல் மாறினால் பெட்டியோடு நெடுந்தூரம் நடக்க வேண்டிவரும். மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுடுப்பு கைப்பையில் இருக்கட்டும். கொடுத்தனுப்பும் பெட்டி அறைக்கு வந்து சேர இரவாகலாம். அயர்ன் பெட்டி, கேத்தில் இரண்டையும் தீப்பயத்தால் வாங்கி வைத்துவிடுவார்கள்.

அறையும் அமைதியும்

விலையை மட்டும் பார்த்து அறை எடுப்பவர் நித்திரையை இழப்பார். தளப்படத்தில் உங்கள் அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே அரங்கம் என்றால் நள்ளிரவு வரை இசை. முன்முனை அறைகளில் நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் இடிபோலக் கேட்கும், பின்முனையில் இயந்திர அதிர்வு. மேலும் கீழும் அறைகளே உள்ள, நடுக்கப்பல், கீழ்த்தள அறைதான் அமைதியானது. ஆட்டமும் அங்கேதான் குறைவு. குமட்டல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, கப்பல் ஆடத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றில் எங்கள் கடல் கொந்தளிக்கும். வைகாசி முதல் ஆவணி வரை கடல் அமைதி, ஆனால் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக வீசும். ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீராவது கொண்டு இறங்குங்கள்.

கப்பலில் அமைதியாக இருக்க இடம் தேடுகிறவர்கள் குளத்தடியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். வாசிப்பறை, சீட்டாட்ட அறை, நடைபாதைத் தளத்தின் பின்பக்கம், மாலையில் மட்டும் திறக்கும் மதுக்கூடத்தின் பகல்நேர இருக்கைகள் ஆகியவற்றைப் பாருங்கள். துறையில் நிற்கும் பகலில் கப்பலே பாதி வெறிச்சோடிக் கிடக்கும். முன்பு பார்த்த ஊர் என்றால் இறங்காமல் இருப்பதிலும் தவறில்லை.

ஒன்றை மட்டும் படுத்துக் கிடந்து தவறவிடாதீர்கள்: துறைக்குள் நுழையும் நேரம். வடக்கிலிருந்து வரும் கப்பலில் வலப்பக்கக் கம்பியடியில் நில்லுங்கள். நிலாவெளிக் கரை, உப்புவெளி, பிறகு சுவாமி மலையின் செங்குத்துப் பாறையும் மேலே கோயிலும் வரிசையாக அந்தப் பக்கம்தான் வரும். கப்பல் கொட்டியாரக்குடாவுக்குள் திரும்பும்போதும் மலை வலப்பக்கமே நிற்கும். காலை வெயில் கடல் பக்கத்திலிருந்து பாறையில் நேராக விழும், படத்துக்கும் அதுவே நேரம். இடப்பக்கம் நின்றவர்களுக்கு வெறும் கடல்தான் தெரியும்.

கப்பலைத் தவறவிட்டால்

சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் கப்பல்களில் கடிகாரம் மாற்றப்பட்டதா என்று இறங்குமுன் கேளுங்கள். அங்கத்தைய நேரம் எங்களைவிட 2½ மணி முன்னால். தொலைபேசி உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும், கப்பல் தன் நேரத்தில்தான் புறப்படும். இந்தியாவிலிருந்து வருவோருக்கு இந்தக் குழப்பம் இல்லை, இரு நாட்டுக்கும் ஒரே நேரம்.

அப்படியும் பிந்திவிட்டால் துறைமுக வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை. கப்பலில் தினமும் தரும் தகவல் தாளில் துறைமுக முகவரின், அதாவது கப்பல் நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதியின், தொலைபேசி எண் போட்டிருப்பார்கள். இறங்குமுன் அதைப் படமெடுத்து வைத்திருந்தால் முதல் அழைப்பு அவருக்கு. உங்கள் கடவுச்சீட்டு கப்பலோடு போனதா, முகவரிடம் விட்டுப் போனார்களா என்பதை அவர்தான் சொல்வார். அடுத்த துறை காங்கேசன்துறை என்றால் வவுனியா வழியாக 250 கிலோமீற்றர் அளவு. இரவே வான் பிடித்தால் விடியுமுன் யாழ்ப்பாணம் சேரலாம். அம்பாந்தோட்டை என்றால் 300 கிலோமீற்றருக்கு மேல், ஒரு நாளாகும். இரண்டுக்கும் செலவு உங்களுடையது. பயணக் காப்புறுதி எடுக்கும்போது கப்பலைத் தவறவிடுவதும் அதில் அடங்குமா என்று கேட்டே எடுங்கள்.