வேளாங்கண்ணிப் பாதயாத்திரை: வலியை மறைப்பதில் தொடங்கும் தவறுகள்

ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் மாதா திருவிழாக் கொடியேற்றம். அதற்குப் பத்து நாள் முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடைகள் தெரியத் தொடங்கிவிடும். சென்னையிலிருந்து மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் வழியாக 300 கி.மீ.க்கு மேல் நடக்க வேண்டும். நான் நான்கு முறை புறப்பட்டு மூன்று முறைதான் போய்ச் சேர்ந்தேன். தவறிப்போன அந்த ஒரு முறை, முதல் நாள் மாலையே குதிகாலில் எரிச்சல் ஆரம்பித்தது. என் ஒருவனுக்காகக் கூட்டத்தை நிற்கச் சொல்ல வெட்கப்பட்டு, பேசாமல் நடந்தேன். மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டும்போது, கூட வந்த ஓர் அக்கா என் நடையைப் பார்த்துவிட்டு, "தம்பி, உட்கார். செருப்பைக் கழற்று" என்றார். காலுறையை உருவியபோது குதிகால் தோலும் அதோடு வந்தது. கடலூரில் பஸ் ஏறிவிட்டேன்.

கொப்புளம் வருவதற்கு உராய்வு, ஈரம், சூடு மூன்றும் சேர வேண்டும். ஆகஸ்ட் மாதக் கடற்கரைப் புழுக்கத்தில் மூன்றுக்கும் குறைவில்லை. தோல் சிவந்து எரியும் நிலையிலேயே பார்த்துவிட்டால் அதைத் தடுத்துவிடலாம். உடனே உட்கார்ந்து, காலைத் துடைத்து உலரவிட்டு, சிவந்த இடத்தில் சுருக்கமில்லாமல் பிளாஸ்திரி ஒட்டி, உலர்ந்த காலுறை மாட்டிக்கொண்டு நடக்கலாம். பத்து நிமிட வேலைதான். "தங்கும் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால் பத்து நாள் நடையும் போய்விடும். கொப்புளம் வந்தேவிட்டால் தோலை உரிக்காதீர்கள். புண்ணுக்கு அதைவிட நல்ல கட்டு கிடையாது. பெரிதாகி நடக்கவே முடியாவிட்டால் மட்டும், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றிவிட்டு, தோலை அப்படியே விட்டு மூடுங்கள். ஊசியில் நூல் கோத்து அந்த நூலை உள்ளேயே விட்டுவைக்கிறார்கள் சிலர். கிருமி உள்ளே போக அதுவே வழியாகிவிடும்.

யாத்திரைக்கென்று புதுச் செருப்பு வாங்குவதும் பெரிய தவறு. ஒரு மாதமாவது போட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால் கொஞ்சம் தாராளமான அளவில் வாங்குங்கள். வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டவர்களை நான் தடுக்கமாட்டேன். ஆனால் பிற்பகலில் தார்ச்சாலையின் சூடு 50 டிகிரியைத் தாண்டும். காலை பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் தைத்ததும் தெரியாது, சுட்டதும் தெரியாது. நீண்ட நடை சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும் என்பதால், மாத்திரை, இன்சுலின் அளவைப் பற்றி மருத்துவரிடம் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும்.

சென்னை பெசன்ட் நகர் மாதா கோயிலில் ஜெபம் முடித்துக் கிளம்பியதும் கால்கள் தாமாகவே ஓடும். பாட்டும் ஜெபமாலையும் கூட்டமும் சேர்ந்து நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். அந்த வேகத்தில் முதல் நாளே மாமல்லபுரம் வரை சுமார் 50 கி.மீ. நடந்துவிடுகிறவர்கள் உண்டு. மூன்றாம் நாள் அவர்களுடைய முழங்கால் மடங்காது. முதல் இரண்டு நாளும் 25 கி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடம்பு பழகிய பிறகு 35 வரை போகலாம். அந்தக் கணக்கில் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர முடியாது என்றால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புவதுதான் வழி.

எனக்கு மிகவும் கவலை தருவது இரவு நடைதான். வெயிலுக்குப் பயந்து விடிய விடிய நடக்கிறார்கள். பகலில் பளிச்சென்று தெரியும் காவி, இருட்டில் ஹெட்லைட் பட்டாலும் மங்கலாகத்தான் தெரியும். வாகனம் நமக்குப் பின்னால் வந்தால் நம்மாலும் அதைப் பார்க்க முடியாது. அதனால் சாலையின் வலப்பக்க ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். ஒளியைத் திருப்பிக் காட்டும் ஸ்டிக்கர் பட்டையை முதுகில் மட்டுமல்லாமல் கணுக்காலிலும் ஒட்டுங்கள். அசைகிற வெளிச்சத்தை ஓட்டுநரின் கண் சீக்கிரம் பிடிக்கும். மாதா சப்பரத்தை இழுத்துச் செல்பவர்கள் முன்பக்கம் முழுக்க விளக்கு போட்டு அலங்கரித்துவிட்டுப் பின்பக்கத்தை இருட்டாக விட்டுவிடுகிறார்கள். சப்பரம் வண்டிகளோடு இடப்பக்கமாகப் போவதால், லாரி பின்னாலிருந்துதான் வரும். அங்கே ஒரு சிவப்பு விளக்கும், அதற்கும் பின்னால் டார்ச்சோடு ஓர் ஆளும் அவசியம். தூக்கம் வந்தால் சாலை ஓரத்திலோ பாலத்துக் கைப்பிடிச் சுவரிலோ சாயாதீர்கள். சாலையை விட்டு இறங்கி, கோயிலோ பள்ளியோ சத்திரமோ, எதன் வளாகத்துக்குள்ளாவது போய்ப் படுங்கள். அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் ஒரு நடை, மாலை நான்கு முதல் எட்டு வரை இன்னொரு நடை என்று பிரித்துக்கொண்டால் நள்ளிரவில் நடக்க வேண்டிய தேவையே வராது.

வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் வரும். ஓ.ஆர்.எஸ். பொடி நல்லதுதான். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீருக்கான பாக்கெட்டை ஒரே டம்ளரில் கொட்டிக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் அளவைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். வலி மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்றவற்றை உடம்பில் நீர் வற்றிய நிலையில் தினமும் விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படும். அதோடு, மாத்திரை வலியை மறைத்துவிடுவதால் காயத்தின் மேலேயே நடந்துகொண்டிருப்போம். வழியில் மருத்துவ முகாம் இருந்தால் காலைக் காட்டி, என்ன காயம் என்று கேளுங்கள். ஊசி மட்டும் போட்டுக்கொண்டு ஓடிவராதீர்கள்.

சாலையில் இரைச்சல் என்று, கடலோரமாகவே நடந்துவிடலாம் என எண்ணும் இளைஞர்களும் உண்டு. ஈர மணலில் கொஞ்ச தூரம் சுகமாகத்தான் இருக்கும். பிறகு பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஒவ்வொரு முகத்துவாரமும் குறுக்கே வரும். இறங்கிக் கடக்கலாம் என்று துணியாதீர்கள். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இன்று ஆள் ஆழம் இருக்கலாம். பாலம் சாலையில்தான் இருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து கடைசிப் பத்துப் பன்னிரண்டு கி.மீ.யை எல்லோரும் வேகமாக நடந்து முடித்து, நேராகக் கடலுக்குப் போகிறார்கள். பத்து நாள் நடந்து ஓய்ந்த கால், இடுப்பளவு அலையில்கூட நிற்காது. காலுக்கடியில் மணலை அரித்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் வேறு. காவல்துறை குளிக்கத் தடை விதித்திருந்தால் கட்டாயம் அதற்குக் கட்டுப்படுங்கள். தடை இல்லாவிட்டாலும் அன்று கரையில் நின்றபடி ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக்கொள்வதோடு சரி. பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையே உள்ள மணல் பாதையில் முழங்காலிட்டுச் செல்லும் நேர்த்தி இருந்தால், அதை வந்து சேர்ந்த அன்றே செய்ய வேண்டாம். முதலில் காலைக் கழுவிப் புண்களைக் கட்டுங்கள், சாப்பிட்டுத் தூங்குங்கள். மறுநாள் விடிகாலையில் மணல் குளிர்ந்திருக்கும். அப்போது போங்கள்.