உப்புக் காற்றில் பதக்கமும் பேட்ஜும்: களிம்பு ஏறாமல் காக்கும் முறை

குடியரசு தினத்துக்கு முதல் நாள் ராத்திரி பிராஸோ பாலிஷும் பழந்துணியுமாக உட்கார்ந்து எல்லாப் பதக்கத்தையும் தேய்ப்பது முன்னாள் படைவீரர் வீடுகளில் வழக்கம். மண்டபம், உச்சிப்புளி, தொண்டி போன்ற கடலோர ஊர்களில் பதக்கங்கள் சீக்கிரம் உருவழிய இதுவும் ஒரு முக்கியக் காரணம். காற்றோடு வந்து படியும் உப்பைக் கழுவித்தான் எடுக்க வேண்டும். தேய்த்தால் உப்பு இடுக்குக்குள் போகும், உலோகமும் சேர்ந்து தேயும்.

செம்பு கலந்த எந்த உலோகத்திலும், பித்தளையோ வெண்கலமோ, உப்பிலுள்ள குளோரைடு பச்சைக் களிம்பை உண்டாக்கும். இரண்டு துப்பாக்கிகளைக் குறுக்காக வைத்த சுடும் திறன் பேட்ஜ்தான் இதில் முதலில் கெடும். குழல்கள் குறுக்கிடும் இடத்திலும் துப்பாக்கி வார் வளையும் இடத்திலும் ஈரம் தங்கிவிடுவதே காரணம்.

தொடுவதற்கு முன் என்ன உலோகம் என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். கையில் எடுத்தால் கனமே இல்லாமல் தங்க நிறத்தில் மின்னினால் அது சாயமேற்றிய அலுமினியம். அதில் பிராஸோ பட்டால் நிறம் போய்விடும், திரும்ப வராது. சைன்ய சேவா மெடல் போன்ற இந்தியப் படைகளின் சேவைப் பதக்கங்கள் செம்பு-நிக்கல் கலவை. வீரர் பெயரும் எண்ணும் பதக்கத்தின் விளிம்பில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்து மழுங்கினால் யாருடைய பதக்கம் என்பதற்கு அதிலேயே இருந்த சான்று போய்விடும். எனவே பதக்கத்துக்கு எந்தப் பாலிஷும் வேண்டாம்.

அணிவகுப்பு முடிந்து வீடு வந்த அன்றே பேட்ஜைச் சட்டையிலிருந்து கழற்றுங்கள். வியர்வையும் உப்புதான். கழுவ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, நம் பக்கம் அதிலேயே உப்பு இருக்கிறது. பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள். அங்கேயே ஆசிட் கேனும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். ஒரு கிண்ணத்தில் 200 மில்லி ஊற்றி, ரிப்பன் கழற்றிய பேட்ஜை இரண்டு நிமிடம் வைத்து, மெல்லிய பல் துலக்கும் பிரஷால் இடுக்குகளைத் தேயுங்கள். தண்ணீரை மாற்றி இன்னொரு முறை. பருத்தித் துணியால் ஒற்றி, ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் ஐந்து நிமிடம் காயவிடுங்கள். எனாமல் விரிசல் விட்டிருந்தால் நனைக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால் மூங்கில் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். ஊசி, பிளேடு கூடாது. சில வாரத்தில் அதே இடத்தில் பொடி திரும்ப வந்தால் குளோரைடு உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். அதைத் தனி டப்பாவில் ஈரமில்லாமல் வையுங்கள்.

முலாமோ வார்னிஷோ இல்லாத பித்தளைத் தொப்பி பேட்ஜுக்கு மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை மிளகளவு பிராஸோ போதும். இடுக்கில் தங்கும் வெள்ளைப் படிவை உடனே கழுவுங்கள். புளி போட்டுத் தேய்ப்பது குத்துவிளக்குக்குச் சரி. பேட்ஜில் புளியின் அமிலம் இடுக்கில் நின்று மறுபடி களிம்பைக் கிளப்பும். சரிகை வேலைப்பாடுள்ள பேட்ஜில் தண்ணீரும் வேண்டாம், சென்ட்டும் வேண்டாம்.

பேட்ஜை எங்கே, எத்தனை, எந்த உடுப்பில் குத்துவது என்பது அந்தந்தப் படையின் சீருடை விதியில் இருக்கும். உதாரணமாக, அமெரிக்க ராணுவத்தில் அதிகாரியானாலும் சுடும் திறன் பேட்ஜ் மூன்றுக்கு மேல் அணியக் கூடாது. அவர்களுடைய மரைன் படையில் முழு அளவுப் பதக்கம் அணியும் நீல உடுப்பில் இந்த பேட்ஜே கிடையாது. எந்த விதியானாலும் அளவைத் தையல் சாக்கால் குறித்து, அதே துளையில் ஒவ்வொரு முறையும் குத்துங்கள். உட்புறம் ஒரு துண்டு கேன்வாஸ் வைத்தால் கனமான பேட்ஜ் தொங்காது, துளையும் பெரிதாகாது. இரும்பு ஊசி துருப்பிடித்து வெள்ளைச் சட்டையில் கறை விடும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஊசியாக மாற்றிவிடுங்கள்.

பல பதக்கங்கள் இருந்தால் அட்டைப் பட்டையில் அசையாமல் தைத்து வையுங்கள். தொங்கவிட்டால் கடற்காற்றில் ஒன்றோடொன்று மோதி முகப்பு வடுப்படும். தைத்து வைப்பதில் ஒரு குறை, பின்புற ரிப்பனில் ஈரம் தேங்கும். மாதம் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.

வைப்பதற்கு, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா நல்லது. 5 லிட்டர் டப்பாவுக்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 100 கிராம் போடுங்கள். பி.வி.சி. கவர், செய்தித்தாள், ரப்பர் பேண்ட், பிளைவுட் பெட்டி எல்லாமே உலோகத்தை அரிக்கும் அல்லது கறுக்க வைக்கும் ஆவியை விடுபவை. பாச்சை உருண்டையும் கற்பூரமும் சேர்த்து வைத்தால் இரண்டும் இளகி நீராகி ரிப்பனில் கறை படியும்.

ஜெல்லில் ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். நீல வகையிலுள்ள கோபால்ட் நச்சு. ஈரம் ஏறி ஆரஞ்சு பச்சையானால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை நிறத்தைப் பாருங்கள். டப்பாவுக்குள் சிறிய ஈரப்பத மானி வைத்தால் 40 சதவீதத்துக்குக் கீழே நிற்கிறதா என்று அதிலேயே தெரியும்.