உலக அதிசய இடங்களுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் டெத் வேலியில் ரேஸ்டிராக் பிளாயா என்றொரு வறண்ட ஏரி இருக்கிறது. பாளம் பாளமாக வெடித்த களிமண் தரை. அதில் ஆங்காங்கே கற்கள் கிடக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் அது நகர்ந்து வந்த தடம் நீண்டிருக்கும். 'விஞ்ஞானிகளாலும் விளக்க முடியாத மர்மம்' என்று இந்தப் படம் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே நம்பிப் பகிர்வதுதான் முதல் தவறு. அந்த மர்மம் 2014-லேயே அவிழ்ந்துவிட்டது.

ரிச்சர்ட் நோரிஸ், ஜேம்ஸ் நோரிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அவர்களுடைய குழுவினரும் ஜி.பி.எஸ். கருவி பொருத்திய 15 கற்களை அங்கே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 2013 டிசம்பரில் அவர்கள் கண்முன்னாலேயே கற்கள் நகர்ந்தன. மழையோ பனியோ பெய்து ஏரியில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். இரவுக் குளிரில் அது ஜன்னல் கண்ணாடி அளவுக்கு மெல்லிய பனிப்பாளமாக உறையும். காலை வெயில் ஏறியதும் பாளம் உடைந்து மிதக்கும். லேசான காற்று போதும், அகலமான பாளங்கள் நகர்ந்து கற்களையும் தள்ளிக்கொண்டு போகும். அடியில் சேறு வழுக்குவதால் கல்லும் இழுபட்டுப் போகிறது. நிமிடத்துக்குச் சில மீட்டர் வேகம்தான். புயல் வேண்டாம், காந்தம் வேண்டாம், வேற்றுக்கிரகவாசியும் வேண்டாம். எனக்கு மர்மத்தைவிட இந்த விளக்கம்தான் பெரிய அதிசயமாகப் படுகிறது. தண்ணீர், குளிர், வெயில், காற்று நான்கும் சரியான வரிசையில் கூடிவர வேண்டும். அதனால்தான் பல வருடங்கள் ஒரு கல்லும் அசையாமல் கிடக்கிறது. அங்கே போய்க் கல் நகர்வதைப் பார்க்கலாம் என்று எண்ணிக் கிளம்பாதீர்கள். தடங்களைத்தான் பார்க்க முடியும்.

போகிற வழியிலும் பலர் ஏமாறுகிறார்கள். கடைசி 43 கிலோமீட்டர் கரடுமுரடான சரளைச் சாலை. கூரிய கற்கள் டயரைக் கிழித்துவிடும், செல்போன் சிக்னலும் கிடையாது. சாதாரண வாடகைக் காரில் கிளம்பிவிடாதீர்கள். தரை ஈரமாக இருந்தால் அதில் கால் வைக்கவே கூடாது. பதிந்த காலடி காய்ந்து இறுகிவிடும். திரும்பவும் தண்ணீர் தேங்கி அதை அழிக்கும்வரை வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். 2016-இல் யாரோ காரையே உள்ளே ஓட்டி, மைல்கணக்கில் சக்கரத் தடத்தை விட்டுப் போனார்கள். கல்லைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. தடம் மட்டும் இருக்கும், அதன் முனையில் கல் இருக்காது.

'ஒரே ஒரு துண்டுதானே' என்று எடுப்பதுதான் எல்லா இடத்திலும் நடக்கிற தவறு. அமெரிக்காவின் அரிசோனாவில் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் என்ற தேசியப் பூங்கா கல்மரங்களுக்குப் பேர்போனது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஆற்று மண்ணில் புதைந்த மரங்கள் அவை. எரிமலைச் சாம்பலிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வந்த சிலிக்கா, மரத்தின் நாளங்களில் படிந்து படிந்து அவற்றைக் கல்லாக்கியது. பார்வையாளர்கள் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். அப்புறம் சிலர் மனசு கேட்காமல் மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். எடுத்த நாளிலிருந்து வீட்டில் கெட்டதே நடக்கிறது என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் வந்த துண்டை எடுத்த இடத்தில் வைக்க வழியில்லை. எங்கே, எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று தெரியாத துண்டு ஆய்வுக்கு உதவாது. கண்ட இடத்தில் போட்டால் மற்ற இடத்தின் ஆய்வும் கெடும். அதனால் அவற்றையெல்லாம் தனியாக ஒரு குவியலாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். 'மனசாட்சிக் குவியல்' என்று அதற்குப் பெயர். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் இதே விதமான கல்மரங்கள் கிடக்கின்றன. அங்கே போனாலும் கையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுப்பதைப் போலத்தான் போடுவதும். ஆற்றைக் கண்டால் காசு போட நமக்குக் கை பரபரக்கும். வட அயர்லாந்தின் ஜயண்ட்ஸ் காஸ்வேயில், எரிமலைக் குழம்பு குளிர்ந்து உருவான சுமார் 40,000 பாறைத் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் இடுக்குகளில் பயணிகள் நாணயங்களைச் செருகிவிட்டுப் போகிறார்கள். கடற்காற்றில் நாணயம் துருப்பிடித்து உப்புகிறது, உப்பிப் பாறையைப் பிளக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மார்னிங் குளோரி என்ற வெந்நீர் ஊற்று ஒரு காலத்தில் முழுக்க நீலமாக இருந்தது. வருகிறவர்கள் வீசிய காசும் குப்பையும் ஊற்றுக்கண்ணை அடைத்தன. சூடு குறைந்தது. குறைந்த சூட்டில் வாழும் நுண்ணுயிர்கள் விளிம்பிலிருந்து உள்ளே பரவின. இன்று அங்கே மஞ்சளும் ஆரஞ்சும் படர்ந்திருக்கின்றன. சுற்றுலாப் படங்களில் அந்த வண்ணத்தைத்தான் 'எவ்வளவு அழகு' என்று ரசிக்கிறோம்.

அதே யெல்லோஸ்டோனில் பலகைப் பாதையை விட்டு இறங்குவது உயிருக்கே ஆபத்து. உறுதியான தரைபோலத் தெரிவது பல இடங்களில் மெல்லிய ஓடு, அதற்கு அடியில் கொதிநீர். வெந்நீர் ஊற்றுகளில் வெந்து இதுவரை 20 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். குழந்தைகளின் கையை விடவே விடாதீர்கள்.

இன்னொன்று, வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுப் போய் ஏமாறுவது. யெல்லோஸ்டோனிலேயே உள்ள கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றின் வானவில் வளையங்களைப் பக்கத்தில் நின்றால் பார்க்க முடியாது. குளிர்ந்த காலையில் போனால் ஆவிதான் முகத்தில் அடிக்கும். ஃபேரி ஃபால்ஸ் பாதையில் ஏறினால் மேட்டில் ஒரு பார்வைத் தளம் இருக்கிறது. வெயில் நன்றாக ஏறிய பிறகு அங்கே போய் நில்லுங்கள்.

பொலிவியாவின் ஊயுனி உப்புப் பாலைவனத்திலும் இப்படித்தான். வானம் தரையில் தெரியும் அந்தப் படம் மழைக்காலத்தில் எடுத்தது, ஜனவரி முதல் மார்ச் வரை தண்ணீர் மெல்லிசாக நிற்கும்போது. ஜூலையில் போனால் கண்ணாடி இருக்காது. அறுகோணக் கட்டம் கட்டமாக வெள்ளை உப்புதான். அதுவும் அழகுதான், ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து டிக்கெட் எடுங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீட்டர் உயரம். சென்னையிலிருந்து போகிற உடம்புக்குத் தலைவலியும் மூச்சுத்திணறலும் வரும். சேர்ந்த அன்றே உப்புவெளிக்கு ஓடாமல், ஊயுனி ஊரில் இரண்டு நாள் மெதுவாக நடந்து, தண்ணீர் நிறையக் குடித்துப் பழகிக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியை மறக்காதீர்கள். வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை; உப்பில் பட்டுக் கீழிருந்தும் எகிறி வந்து தாடைக்கு அடியில்கூடச் சுட்டுவிடும்.