பெட்டைகளைக் காக்கிற சேவலா பாத்து எடுங்க

பர்மாவுல பெகு, ஜியாவாடி பக்கம் வீட்டுக்குப் பின்னாடி கோழி வச்சிருக்கவங்களுக்கு பகல்ல வல்லூறு, கீரி, ராத்திரி மரநாய், பாம்புன்னு தொல்லைதான், அதுக்கு ஒரு நல்ல சேவல் இருந்தா பாதி கவலை விட்டுது. எட்டு பத்து பெட்டைக்கு ஒண்ணு போதும், அதுக்கு மேல சேவல் வச்சா மிதிச்சு மிதிச்சு பெட்டை முதுகுல இறகே இருக்காது.

கொண்டையையும் வாலையும் பாத்து மயங்காதீங்க. சும்மா தள்ளி உக்காந்து அரைமணி நேரம் பாருங்க, தீனி போட்டா தான் முழுங்காம கொக்கொக்னு கூப்புட்டு பெட்டைங்கள திங்க விடுதா, அடிக்கடி தலைய சாச்சு வானத்த பாக்குதா, அதான் நம்ம ஆளு. தொப்பிய மேல தூக்கி எறிஞ்சு பாருங்க, உஷாரானதுன்னா உடனே ஒரு சத்தம் குடுக்கும், பெட்டையெல்லாம் செடிக்கடியில ஓடிரும். மேல இருந்து வர்ற ஆபத்துக்கு ஒரு சத்தம், தரையில வர்றதுக்கு வேற சத்தம், கேட்டுப் பழகினா உங்களுக்கே புரியும்.

சண்டைச் சேவல்தான் பெஸ்ட்னு சிலர் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், அது பக்கத்து வீட்டு சேவலத் தேடிப் போயிரும். புள்ளைங்கள கொத்துறதும் வேணாம். ஒரு வயசு தாண்டி கால்ல முள்ளு நல்லா வளந்ததா எடுங்க. காட்டுக்கோழி சாயல் இருந்தா எனக்குப் பிடிக்கும், நாட்டுக்கோழியோட மூலமே பர்மா, தாய்லாந்து, தென்மேற்கு சீனா பக்கத்து காட்டுக்கோழிதான்னு 2020ல வந்த மரபணு ஆராய்ச்சி சொல்லுது.

ராத்திரி மட்டும் சேவல நம்பாதீங்க, இருட்டுல அதுக்கு கண்ணு சரியா தெரியாது, அரை இஞ்ச் கம்பிவலை அடிச்ச கூண்டுல போட்டு பூட்டிருங்க.