வானத்துல யுத்தம்னு பாஸ்டர் சொன்னா எப்படி கேள்வி கேட்கிறது

ரங்கூன்ல தமிழ் சபைக்கு போற வீட்டுல பொறந்து, ஞாயித்துக்கிழமை "உங்க தெருவுக்கு மேல தூதருக்கும் பிசாசுக்கும் யுத்தம் நடந்துட்டு இருக்கு"ன்னு பிரசங்கம் கேட்டுட்டு, வெளிய வந்து அதே தெருவுல காளி கோயிலையும் பகோடாவையும் தாண்டி வீட்டுக்கு நடந்து வர்றவங்களுக்குத்தான் இது. சபையை விடுங்கன்னு சொல்லல, பாஸ்டரோட மல்லுக்கு நில்லுங்கன்னும் சொல்லல, கேட்கிற விதமா கேட்டா கேட்கலாம்.

மொதல்ல ஒரு நோட்டு எடுத்து நடுவுல கோடு போடுங்க. ஒரு பக்கம் பிரசங்கத்துல கேட்டது, இன்னொரு பக்கம் அது பைபிள்ல எந்த அதிகாரத்துல இருக்குங்கிறது. உதாரணத்துக்கு, சாத்தான் பரலோகத்துல பாட்டு டீம் லீடரா இருந்தான்னு சொல்வாங்கல்ல, அது எங்கன்னு தேடுனா எசேக்கியேல் 28-ல போய் நிக்கும், நம்ம பழைய பைபிள்ல மேளவாத்தியம் நாகசுரம்னே போட்டிருக்கு (படிச்சா சிரிப்பு வரும், பரலோகத்துல கல்யாண கச்சேரி போல), ஆனா அந்த வசனம் பேசுறது தீருங்கிற ஊரோட ராஜாகிட்ட, அதே அதிகாரத்துல நீ மனுஷன்தான், தேவன் இல்லைன்னு அவனைப் பார்த்து சொல்லுது. ஏசாயா 14-ல விடிவெள்ளி விழுந்ததும் அப்படித்தான், 4-ஆம் வசனத்துல இருந்து படிச்சீங்கன்னா பாபிலோன் ராஜா மேல சொன்னதுன்னு தெளிவா இருக்கு. ஏதேன் தோட்டம், கேருப்ங்கிற தூதன் எல்லாம் எசேக்கியேல்ல வருது, அதனால பழைய காலத்துல இருந்தே சாத்தானை நெனச்சு அதைப் படிச்சிருக்காங்க, பாஸ்டர் அவரா அடிச்சு விடுறாருன்னு மட்டும் பேசிடாதீங்க.

அப்புறம் வெளிப்படுத்தல் 12. மிகாவேல்ங்கிற தூதனும் (கத்தோலிக்கங்க மிக்கேல்னு சொல்றவர்) வலுசர்ப்பமான சாத்தானும் சண்டை போடுறது நெஜமாவே எழுதியிருக்கிற இடம் அது. ஆனா வரிசையைப் பாருங்க, ஒரு ஸ்திரீ பிள்ளை பெறுறா, பிள்ளையை தேவன்கிட்ட எடுத்துக்கிறாங்க, அதுக்கப்புறம்தான் யுத்தம் வருது. உலகம் படைக்கிறதுக்கு முன்னாடி நடந்த கதையா நாம கேட்டிருக்கோம், அதிகாரத்துல அந்த வரிசை இல்ல. 11-ஆம் வசனத்துல ஜெயிச்சது எதாலன்னா ஆட்டுக்குட்டியோட ரத்தத்தாலயும் சாட்சியாலயும்னு இருக்கு, பட்டயத்தாலன்னு இல்ல. நம்ம மனசுல ஓடுற சினிமா வேற எங்கயோ இருந்து வந்தது. மூணு நாள் போரு, சாத்தான் கண்டுபுடிச்ச பீரங்கி, இதெல்லாம் 1667-ல வந்த இங்கிலீஷ் காவியத்துல மில்டன் எழுதுனது. மிக்கேல் சம்மனசு சாத்தான் தலையை மிதிச்சுட்டு நிக்கிற காலண்டர் படத்துல முக்காவாசி, 1635 வாக்குல இத்தாலிக்காரர் கைடோ ரேனி வரைஞ்சதோட சாயல். கத்தோலிக்க வீடுன்னா வயசான ஆயாகிட்ட கேட்டுப் பாருங்க, அவங்க சின்ன வயசுல பூசை முடிஞ்சதும் மிக்கேல் ஜெபம் சொல்லியிருப்பாங்க, அது 13-ஆம் லியோ போப்பு 1886-ல சேர்த்தது, 1960-கள்ல பூசையில இருந்து எடுத்துட்டாங்க.

இப்ப முக்கியமான எடத்துக்கு வாங்க, இங்க அவசரப்படாதீங்க. 2 சாமுவேல் 24-ஐயும் 1 நாளாகமம் 21-ஐயும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வைங்க. ரெண்டும் ஒரே சம்பவம், தாவீது ஜனங்களை எண்ணச் சொல்றது. முதல் புத்தகத்துல கர்த்தருடைய கோபம் தாவீதை ஏவிவிடுது. ரெண்டாவதுல அதையே சாத்தான் ஏவிவிடுறான். பின்னாடி எழுதுன நாளாகமத்துல ஆளு மாறியிருக்கு! எதிரெதிரா ரெண்டு சேனை நிக்குதுன்னா ஒரே வேலையை ரெண்டு பேர் கணக்குல எப்படி எழுத முடியும்? அதே கையோட யோபு 1-ஐயும் படிங்க, சாத்தான் தேவபுத்திரரோட சேர்ந்து சந்நிதியில வந்து நிக்கிறான், எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு வாங்கிட்டு போறான். எனக்கு அது போர்க்களமா தெரியல, கோர்ட்டு மாதிரிதான் இருக்கு. சர்வ வல்லவர்கிட்ட பெர்மிஷன் கேட்டுட்டு வர்றவன் அவருக்கு சமமான எதிரி எப்படி ஆவான்னு நீங்க கேட்டா, 1215-ல கத்தோலிக்க சபைத் தலைவர்கள் கூடுன லாத்தரன் சங்கமும் பிசாசுகளை தேவன் நல்லவங்களாத்தான் படைச்சாரு, அதுங்களா கெட்டுப்போச்சுன்னு சொல்லி, சமமான ரெண்டு சக்தி கிடையாதுன்னுதான் வச்சிருக்கு. அப்ப நீங்க கேட்கிறது சபைக்கு விரோதமான கேள்வி இல்ல.

தெரு மேல, ஊரு மேல பிசாசு ஆளுதுங்கிற பேச்சுக்கு தானியேல் 10-ஐ காட்டுவாங்க. 1990-கள்ல உலகப்படத்துல வடக்கு அட்சரேகை 10 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் நடுவுல பெட்டி போட்டு ஜெபிக்கிற இயக்கம் ஒண்ணு ஓடுச்சு, பர்மாவோட பெரும்பகுதி அதுக்குள்ளதான் கிடக்கு. தானியேல்ல, அவர்கிட்ட வந்த தூதனை பெர்சியா அதிபதி 21 நாள் தடுத்தான்னு இருக்கு, சரி, ஆனா அந்த மூணு வாரமும் தானியேல் துக்கத்துல கறி, திராட்சரசம் இல்லாம இருக்காரு, மேல நடந்தது அவருக்கு தெரியவே தெரியாது, தூதன் வந்து சொன்னாத்தான் தெரியுது. அந்த அதிபதியை ஜெபத்தால கட்டிப்போடுன்னு அவர்கிட்ட யாரும் சொல்லவும் இல்ல. இதைக் கேளுங்க. ஏன்னா இந்தப் பேச்சு தெருவுக்கு இறங்குறப்ப, பக்கத்து பர்மா வீட்டு தூண்ல மஹாகிரிங்கிற வீட்டுக் காவல் தெய்வத்துக்கு (பர்மாவுல 'நட்'னு சொல்வாங்க) சிவப்புத் துணி கட்டி தொங்கவிட்ட தேங்காய் சத்துரு பாளையம் ஆயிடும், அந்த வீட்டம்மாவும் சேர்த்து. எபேசியர் 6-ல மாம்சத்தோடும் ரத்தத்தோடும் நமக்கு போராட்டம் இல்லைன்னு எழுதியிருக்கிறதை அப்ப எங்க கொண்டு போய் வைக்கிறது?

எப்ப கேட்கிறதுன்னா, உபவாச ஜெபத்துக்கு நடுவுல எழுந்து கேட்காதீங்க, பெரியவங்க முன்னாடி அவருக்கு மானப் பிரச்சினை ஆயிடும். ஆராதனை முடிஞ்சு நாற்காலி அடுக்குற நேரம் நல்லது. ஒரு தடவைக்கு ஒரு கேள்வி. "பாஸ்டர், பிசாசு இருக்கா இல்லையா"ன்னு ஆரம்பிச்சா கதவு அப்பவே மூடிக்கும், "ஐயா, நாளாகமத்துல ஏன் மாறியிருக்கு"ன்னு கேட்டா அவரும் புத்தகத்தை தொறக்கணும். கேள்வி கேட்கிறதே பிசாசு வேலைன்னு சொன்னா அப்போஸ்தலர் 17-ல பெரோயா ஊர்க்காரங்க பவுல் சொன்னதையே தினமும் வேதத்துல தேடிப் பார்த்தாங்க, அதுக்கு அவங்களை நற்குணசாலிகள்னு எழுதியிருக்குன்னு பணிவா சொல்லுங்க.

வீட்டுல யாருக்காவது வலிப்பு, தூக்கமில்லாம தனியா பேசுறது மாதிரி இருந்தா இந்த ஆராய்ச்சி எல்லாம் தள்ளி வைங்க, மொதல்ல டாக்டர். ஜெபம் பண்றவங்க பண்ணட்டும், மாத்திரையை நிறுத்தச் சொன்னா மட்டும் முடியாதுன்னு சொல்லிடுங்க. கத்தி அதட்டி பிசாசைத் திட்டுறவங்ககிட்ட யூதா நிருபம் 9-ஆம் வசனத்தைக் காட்டலாம், மிகாவேலே மோசேயோட உடலுக்காக பிசாசோட தர்க்கம் பண்றப்ப தூஷிக்க துணியல, "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக"ன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கிட்டாரு.